ராகி பீரும் சனிக்கிழமையும்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயித்தது நான்தான். நீல ரிப்பன் என்னிடம்தான் இருக்கிறது. நம்பாதவர்கள் சான்டா கிளாராவுக்கு வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். சனிக்கிழமை வாருங்கள். சனிக்கிழமைகளில் நான் கண்டிப்பாக வீட்டில் இருப்பேன். ஏன் இருப்பேன் என்பதுதான் கதையே.

என் பெயர் வெள்ளியங்கிரி. பொள்ளாச்சிக்காரன். ஆபீசில் வெள்ளியை விழுங்கிவிட்டு, மிச்சமிருந்த கிரியைக் கேரி ஆக்கிவிட்டார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நாளில் மண்டையைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ எழுதி வைத்த வரிகளில் புள்ளி வைப்பேன், புள்ளி எடுப்பேன். சொந்தமாக ஒரு வரி எழுத விடமாட்டார்கள். இப்படிப் பிழைப்பவனுக்குச் சொந்தமாக எதையாவது செய்து பார்க்கத் தோன்றுவது இயற்கை. சிலர் கவிதை எழுதுவார்கள். நான் பீர் காய்ச்சினேன்.

முகம் சுளிக்காதீர்கள். கலிபோர்னியாவில் இது சட்டப்படி சரி. பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு இருநூறு கேலன் வரைக்கும் காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதை என் மனைவி சாந்தாமணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஏனுங்க, ரெண்டு பேருன்னா அதுல நூறு கேலன் என்ற பங்குங்களா?"

"ஆமா. ஆனா நீ குடிக்கப் போறதில்லையே."

"குடிக்கலீனா என்னங்க. இருக்கட்டும். ஞாபகம் வெச்சுக்குங்க."

சாந்தாமணி கோயமுத்தூரில் ஹோம் சயின்ஸ் படித்தவள். கல்யாணமான புதிதில், "ஹோம் சயின்ஸ்னா என்ன, இட்லிக்கு எவ்ளோ உளுந்துன்னு மூணு வருஷம் படிக்கறதா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரிய எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

முதல் பீரைக் கடையில் விற்கும் கிட் வாங்கித்தான் காய்ச்சினேன். டின்னில் வரும் மால்ட் பாகு, அதாவது முளைகட்டின பார்லியிலிருந்து எடுத்த பாகு, அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். கசப்புக்கு ஹாப்ஸ் என்ற பூ. ஆறியதும் ஈஸ்ட். பெரிய கண்ணாடி ஜாடியில் இரண்டு வாரம், பாட்டிலில் இரண்டு வாரம். பெட்டியில் போட்டிருந்தபடியே செய்தேன், பெட்டியில் போட்டிருந்தபடியே வந்தது. எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே மூன்று வீடு தள்ளி இருக்கும் உடுமலைப்பேட்டைத் திருமூர்த்தி ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, "மாப்ள, கடைல வாங்குனதாட்டவே இருக்குதுடா" என்றான்.

கெட்டது அங்கேதான். கடையில் வாங்கியது மாதிரி இருப்பதற்கு நான் எதற்கு. அன்றைக்கே தீர்மானித்தேன். இனி எவன் ரெசிபியும் வேண்டாம். என் ரெசிபி. வெள்ளியங்கிரி ரெசிபி.

சான் ஹோசேயில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. அதற்குத் தலைவி பெக்கி என்று ஒரு அம்மாள். ரிடையர் ஆன லைப்ரரியன். என் தீர்மானத்தைக் கேட்டுவிட்டு நிதானமாகப் புத்தி சொன்னாள். புதுசாக ஆரம்பிக்கிறவன் நன்றாக வந்த ஒரு பழைய ரெசிபியைக் கையில் எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரே ஒரு பொருளை மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் நான் புகழடைவதற்குள் எனக்கு கிரீன் கார்டே வந்துவிடும்.

எனவே ஒரே தடவையில் ஒன்பதை மாற்றினேன். கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மிளகு, மல்லி, சோம்பு, கிராம்பு, பட்டை, ஒரு கைப்பிடி துளசி. ஒரு மாதம் பொறுத்திருந்து திருமூர்த்திக்குத்தான் முதல் கிளாஸ் கொடுத்தேன். அவன் ஒரு வாய் விழுங்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படிடா இருக்கு?"

"சளிக்கு நல்லாக் கேக்கும் மாப்ள."

சாந்தாமணி உள்ளேயிருந்து, "திருமூர்த்தியண்ணா, கூட ஒரு மாத்திரை தரட்டுங்களா?" என்று கேட்டாள்.

இதற்கெல்லாம் அசருகிறவன் இல்லை நான். அடுத்த தடவை நம்ம ஊர் ராகியில் இறங்கினேன். உலகத்தில் எவனும் இதை யோசித்திருக்க மாட்டான் என்று பட்டது. இந்தியன் கடையில் நாலு பாக்கெட் ராகி மாவு வாங்கினேன். சாந்தாமணியின் பிரியாணி அண்டாவில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு மொத்தத்தையும் கொட்டிக் கிண்டினேன். கிண்டினேன் என்றால், முதலில் ஒரு கையால். பிறகு இரண்டு கையால். கடைசியில் கரண்டியை விட்டுவிட்டேன், அது நட்டுக்கொண்டு அப்படியே நின்றது.

சாந்தாமணி எட்டிப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, தொட்டுக்க ஏதாச்சும் கடையட்டுங்களா?"

ஹாப்ஸை அதுவரை போடாதது நல்லதாகப் போயிற்று. அன்று எங்கள் வீட்டில் ராகிக் களியும் கீரைக் கடைசலும். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் திருமூர்த்தி வீட்டுக்கும் கொடுத்தோம்.

"ராகிய அப்படியே மாவாப் போட்டாக் களிதானுங்க வரும்" என்றாள் சாந்தாமணி. "அப்பறம் அன்னைக்கு ஒம்பதையும் ஒண்ணாப் போட்டீங்களே. எது நல்லாருந்துச்சு, எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்கோணும்."

"இது பீர் சாந்தா. உன் ஹோம் சயின்ஸ் இல்ல."

"சரிங்க" என்றாள்.

அவள் சரிங்க என்று சொன்னால் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

அந்த வாரமே இரண்டு காகிதங்கள் வீட்டுக்கு வந்தன. ஒன்று எனக்கு. அக்டோபரில் கிளப் போட்டி நடக்கிறது, சொந்த ரெசிபிக்குத் தனிப் பரிசு. இன்னொன்று சாந்தாமணிக்கு. கம்யூனிட்டி காலேஜில் உணவு விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. அவள் வந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது, படிக்கலாம். ஏழு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் கார் ஒன்றுதான், சாவி என் பாக்கெட்டில்.

"சனிக்கிழமை எனக்கு கார் வேணுமுங்க."

"சனிக்கிழமைதான் நான் காய்ச்சற நாள். நடுவுல ஏதாவது வாங்கப் போகணும்னா?"

"காய்ச்சற அன்னைக்கு எங்கயும் நகர முடியாதுன்னீங்க?"

"நகர முடியாதுதான். ஏழு மணி நேரம் அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. இது ஒரு தவம் மாதிரி."

"அப்பறம் கார் எதுக்குங்க?"

இந்த மாதிரி இடத்தில் கணவன் என்பவன் குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினேன். பந்தயம் என்றேன். போட்டியில் தோற்றால் பீரை விட்டுவிடுகிறேன், சனிக்கிழமை கார் உனக்கு. ஜெயித்தால் சனிக்கிழமை என்னுடையது, நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசக் கூடாது.

சாந்தாமணி உள்ளே போனாள். பிறகு ஒரு காகிதமும் பேனாவும் கொண்டு வந்து வைத்தாள்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்பறம் சண்டை வேண்டாம்."

எழுதினேன். நல்ல கையெழுத்தில், அழுத்தமாக. "நான் ஜெயித்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை வீட்டிலேயே இருந்து பீர் காய்ச்சுவேன். இதை யாரும் தடுக்கக் கூடாது." கையெழுத்துப் போட்டேன். திருமூர்த்தி சாட்சி. காகிதம் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு மாங்காய் காந்தத்தில் தொங்கியது.

மறுபடியும் ராகிதான் என்று முடிவு செய்தேன். களியானதற்குக் காரணம் மாவு அதிகம், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். இந்தத் தடவை பார்லி பாகோடு இரண்டு பாக்கெட் ராகி மட்டும். ஒன்பது சாமானை ஐந்தாகக் குறைத்தேன். அது என் பெருந்தன்மை.

அந்தச் சமயத்தில் வீட்டில் இரண்டு சின்ன விஷயங்கள் நடந்தன. என் பட்டுக்கரை வேட்டியைக் காணவில்லை. கராஜில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் ஈரமாக ஒரு மூட்டை இருந்தது, மேலே பிளாஸ்டிக் பை போர்த்தியிருந்தது.

"என்ன சாந்தா இது?"

"ரோஷினியோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுங்க. தொட்டறாதீங்க."

ரோஷினி எங்கள் மகள். அஞ்சு வயது, கிண்டர்கார்டன். கிண்டர்கார்டனிலேயே ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள், என்ன படிப்பு என்று பூரித்துப்போனேன். பூரித்துக்கொண்டே வேட்டியைத் தேடினேன்.

காய்ச்சும் நாள் வந்தது. பாகு டின்னைத் திறந்து வைத்தேன். ராகி மாவை எடை போட்டு டப்பாவில் வைத்தேன். ஐந்து சாமானையும் ஐந்து சின்னக் கிண்ணத்தில் வரிசையாக வைத்தேன். என்னென்ன எப்போது போட வேண்டும் என்று நம்பர் போட்டு எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். இடுப்பில் பேஜர் அலறியது. ஆபீசில் ஒரு மெஷின் இரண்டாயிரம் வருவதற்கு ஒன்றே கால் வருஷம் முன்னாலேயே படுத்துவிட்டது.

கிளம்பும்போது சாந்தாமணியிடம் சொன்னேன்.

"இந்த லிஸ்ட்ல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய். எதையும் மாத்தாத."

"ருசி பாத்து ஏதாச்சும் கூடக் கொறச்சு?"

"கூடாது. இது ரெசிபி, சாம்பார் இல்ல."

"சரிங்க" என்றாள்.

திரும்பி வர மூன்று மணி நேரம் ஆயிற்று. கதவைத் திறந்தால் வாசம். ராகி வாசம்தான், ஆனால் களி வாசம் இல்லை. சட்டியில் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம். அண்டாவில் களி இல்லை. நீர்க்க, செம்பழுப்பாக, தேன் மாதிரி இனித்துக்கொண்டு ஒரு சாறு. ஐந்து கிண்ணமும் காலி.

"எல்லாம் போட்டியா?"

"கிண்ணத்துல இருந்ததெல்லாம் தீந்துபோச்சுங்க."

"பாத்தியா. மாவைக் குறைச்சதும் எப்படி வந்துருக்கு பாரு. எல்லாம் கணக்கு."

"ஆமாங்க. கணக்குதானுங்க."

அதற்கப்புறம் ஹாப்ஸை நான்தான் போட்டேன். நேரம் பார்த்து, மூன்று தடவையாகப் பிரித்து, என் கையால் போட்டேன். அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் சாந்தாமணி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஏலக்காய், மிளகு, கிராம்பு எல்லாம் தட்டிப் போட்டு அபாரமாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். இந்தக் காப்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. சான் ஹோசேயில் ஒரு ஹால். நாற்பது பேருடைய பாட்டில்கள், ஒவ்வொன்றோடும் ஒரு ரெசிபி சீட்டு. என்னுடைய சீட்டைச் சாந்தாமணிதான் நிரப்பினாள், நான் பெயரை மட்டும் போட்டேன். தாடி வைத்தவர்கள் முப்பத்தாறு பேர், மீதி பெக்கி, நான், இரண்டு தீயணைப்புக்காரர்கள். சாந்தாமணி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். நான் தோற்பதைப் பார்க்க இவ்வளவு அலங்காரமா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் பரிசு சொன்னார்கள். நான் இல்லை. இரண்டாம் பரிசு. நான் இல்லை. ஃப்ரிட்ஜில் தொங்கும் காகிதம் கண் முன்னால் வந்தது. பெக்கி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் ப்ளேஸ், கேரி" என்றாள்.

வாழ்க்கையில் நான் எதிலும் முதலாக வந்ததில்லை. பொள்ளாச்சியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் எட்டாம் ரேங்க். அந்த முப்பத்தாறு தாடிகளும் எழுந்து நின்று கைதட்டியபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. ரிப்பனை வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டேன். திருமூர்த்தி விசிலடித்தான். சாந்தாமணி எல்லாரையும் விட அதிகமாகக் கைதட்டினாள்.

பெக்கி நடுவர்கள் எழுதியதைப் படித்தாள். புதிய ஆள் ஒருவர் இவ்வளவு அடக்கமாக ரெசிபி எழுதுவது அபூர்வம் என்றாள். பொதுவாக ஆரம்பத்தில் எல்லாரும் கண்டதையும் அள்ளிப் போடுவார்கள், இவர் மல்லி ஒன்றை மட்டும் போட்டு நிறுத்தியிருக்கிறார் என்றாள். நான் சிரித்தபடியே நின்றேன். மல்லி ஒன்றை மட்டுமா? ஏலக்காய் எங்கே போயிற்று? மிளகு? அந்தச் சுக்குக் காப்பி மெதுவாக நெஞ்சில் ஏறி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். பெக்கி விடவில்லை. ராகியை முளைகட்டி மால்ட் செய்திருக்கிறீர்களே, அதுதான் ஜெயித்தது, அதை எப்படிச் செய்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்லுங்கள் என்றாள்.

முளைகட்டியா?

நான் தொண்டையைக் கனைத்தேன். தண்ணீர் குடித்தேன். "வெல்" என்றேன். இன்னொரு தடவை "வெல்" என்றேன்.

"அம்மா டிட் இட்" என்றாள் ரோஷினி. ஹால் முழுக்கக் கேட்கிற குரல் அவளுக்கு. "இன் அப்பாஸ் வேட்டி. பிஹைண்ட் த வாட்டர் ஹீட்டர். தே க்ரூ டெய்ல்ஸ்."

முப்பத்தாறு தாடிகளும் திரும்பின. சாந்தாமணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். வடித்து வெள்ளைத் துணியில் கட்டி இரண்டு நாள் சூடான இடத்தில் வைக்க வேண்டும். வால் விட்டதும் காயவைத்து, லேசாக வறுத்து, அரைக்க வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி போடுகிற அதே மாவு. ஆனால் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் காரியம் கெட்டுவிடும். விரல் பொறுக்காத சூட்டில் ஒரு மணி நேரம் மூடி வைத்தால் மாவு தானாகச் சர்க்கரையாகும். இத்தனையும் இங்கிலீஷில், ஒரு தடங்கல் இல்லாமல். பெக்கி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். தாடிகளும் குறித்துக்கொண்டன. ஒரு தீயணைப்புக்காரர் வேட்டிக்கு ஸ்பெல்லிங் கேட்டார்.

ஆனாலும் ரிப்பன் என் சட்டையில்தான் இருந்தது. ரெசிபி சீட்டில் என் பெயர்தான் இருந்தது. விதி விதிதான். ஜெயித்தது நான்.

வீட்டுக்கு வரும்போது சாந்தாமணி கார் ஓட்டினாள். நான் நாலு பாட்டிலை ருசி பார்த்திருந்தேன், வேறு வழியில்லை. ஃப்ரீவேயில் ஏறியதும் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"ஏன் சாந்தா, நான் தோத்திருந்தா பீரும் போயிருக்கும், காரும் உனக்கு வந்திருக்கும். எதுக்கு என்னை ஜெயிக்க வெச்ச?"

அவள் இண்டிகேட்டர் போட்டு நிதானமாக லேன் மாறினாள்.

"தோத்தாக் கார் மட்டுந்தானுங்க கெடைக்கும். ரோஷினிய ஆரு பாத்துக்குவாங்க? நீங்க கிரிக்கெட் பாக்கத் திருமூர்த்தியண்ணன் வீட்டுக்குப் போயிருவீங்க. அஞ்சு வயசுப் புள்ளயக் கிளாசுக்குக் கூட்டிட்டுப் போக உட மாட்டாங்க."

"அதுக்கு?"

"இப்ப நீங்க ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும் வீட்டுலயே இருக்கோணுமில்லீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அண்டாவ உட்டு நகரக் கூடாது. தவம் பண்றவங்க பக்கத்துல புள்ள வெளையாடுனா ஒண்ணும் ஆகாது."

"கார்?"

"அது சும்மா நின்னா பேட்டரி போயிருமுங்க. நான் எடுத்துக்கறேன்."

பின் சீட்டில் ரோஷினி, "அப்பா, ஆர் யூ கோயிங் டு ப்ளே வித் மீ எவ்ரி சாட்டர்டே?" என்று கேட்டாள்.

"அப்பறம் இன்னொண்ணுங்க" என்றாள் சாந்தாமணி. "இந்தத் தடவை காய்ச்சுன அஞ்சு கேலன் என்ற பங்கு நூறுல இருந்து போனது. உங்க நூறு அப்படியே இருக்குது. நெறயக் காய்ச்சலாம்."

இதை எழுதும் இன்று சனிக்கிழமை. ஜனவரி பிறந்து மூன்றாவது சனி. எட்டரைக்கெல்லாம் கார் போய்விட்டது. அண்டா அடுப்பில் இருக்கிறது. ரோஷினி என் தலைக்கு மூன்று ரிப்பன் கட்டியிருக்கிறாள், அதில் நீல ரிப்பனும் ஒன்று. அடுப்புக்கு மேலே, நான் லிஸ்ட் ஒட்டிய அதே இடத்தில், சாந்தாமணி ஒரு லிஸ்ட் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நம்பர் போட்டு எழுதியிருக்கிறாள். ஒன்று, பத்தரைக்கு ரோஷினிக்குப் பால். இரண்டு, பன்னிரண்டுக்குப் பருப்புச் சாதம். மூன்று, ஊறவைத்திருக்கும் அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாகக் கிரைண்டரில் ஆட்டி, உப்புப் போட்டு, கையால் கலக்க வேண்டும். அதற்குக் கீழே கோடு போட்டு ஒரு வரி.

"எதையும் மாத்தாதீங்க. இது இட்லி, பீர் இல்லீங்க."